மூன்றாவது தடவை கேட்டால்

நார்மன் ஃப்ளோராக்காவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்று எங்கள் காம்பவுண்டில் முதலில் சொன்னது நான்தான். செய்தி தப்பு என்று பத்து நாளில் தெரிந்துபோனது. ஆனாலும் ஆதாரமில்லாமல் நான் எதையும் சொல்கிறவள் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு பேரும் மூன்று முறை ஆட்டோ ஏறி ஸ்டேஷன் பக்கம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வந்தார்கள். நார்மன் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். ஜோடியாகப் போட்டோ எடுத்தார்கள் என்று மூலையிலிருக்கும் ஸ்டுடியோக்காரனே சொன்னான். யாரோடு யார் ஜோடி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த மராத்தி ஊரில், கேம்ப் என்கிற பழைய பட்டாளப் பகுதியில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. ஓடு போட்ட ஏழு வீடுகள், ஒரே கேட். என் வீட்டு ஜன்னல் கேட்டைப் பார்த்தாற்போல இருக்கிறது. அது கட்டியவன் செய்த வேலை, அதற்கு நான் பொறுப்பில்லை.

எதிர்வீடு ஃப்ளோராக்காவுடையது. எழுபத்து மூன்று வயசு. புருஷன் போனபோது மகன் கிரேக்குக்குப் பன்னிரண்டு. இப்போது முப்பத்தொன்பது. டாக்டர் சர்டிபிகேட்டில் அவனுக்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கும். அறிவு வளர்ச்சியில் அவன் ஆறேழு வயசில் நின்றுவிட்டான் என்பது சாரம். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வான். ரோட்டைத் தனியாகத் தாண்ட மாட்டான். சில்லறை எண்ணத் தெரியாது. சர்ச்சில் நாற்காலி போட அவனைப்போல் வரிசையாக யாராலும் முடியாது.

நார்மன் அந்த வீட்டின் பின்னறையில் இருக்கும் பேயிங் கெஸ்ட். ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்து, ஆறு மாசத்துக்கு என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அந்த ஆறு மாசம் இப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஒரே சமையலறையில் இத்தனை வருஷம் சாப்பிட்டும் ஃப்ளோராக்காவை இன்னும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார். அந்த 'மேடம்'தான் சந்தேகத்துக்கே காரணம் என்பது என் கட்சி. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் இத்தனை மரியாதை கொடுப்பானா?

நார்மனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பெனி பஸ் அவரை மாலை ஆறு மணிக்கு மூலையில் இறக்கிவிடும். கிரேக் ஐந்தேமுக்காலுக்கே கேட்டில் போய் நிற்பான். நார்மனின் டிபன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பான், ஏதோ ஜட்ஜுக்கு முன்னால் போகும் டவாலி மாதிரி. மூன்று வருஷம் முன்னால் நார்மன் ரிட்டயர் ஆனார். கிரேக் ஆகவில்லை. மறுநாளும் கேட்டில் போய் நின்றான். நார்மன் வீட்டுக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார், இவன் வெளியே நார்மனுக்காகக் காத்திருக்கிறான். ஏழரை மணிவரை உள்ளே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. அதற்கடுத்த நாளிலிருந்து நார்மன் ஐந்தேகாலுக்குக் காலி டிபன் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்குகிறார். இரண்டு தெரு சுற்றிவிட்டு ஆறு மணிக்குப் பஸ் வரும் பக்கமிருந்து நடந்து வருகிறார். மழையானால் குடையோடு. ரிட்டயரான ஆம்பிளை தினமும் வேலையிலிருந்து திரும்புவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு வந்தது. ஏழு வீட்டுக்கும் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமியும் ரிட்டயரானவர்தான். அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே அது செய்தி.

சரி, கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலையில் ஃப்ளோராக்கா பேப்பரும் கையுமாக வந்தாள்.

"ஜோசபின், அக்கம்பக்கத்துச் சாட்சின்னு ஒரு கையெழுத்து வேணும்."

"அதுக்கென்னக்கா, சந்தோஷமாப் போடறேன். மோதிரம் எடுத்தாச்சா?"

"என்ன மோதிரம்?"

நான் உடனே அடுப்பில் பால் இருப்பதாக உள்ளே போய்விட்டு வந்தேன். பேப்பரைப் படித்தேன். கிரேக்குக்குச் சட்டப்படி ஒரு கார்டியன் கேட்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் கமிட்டிக்குப் போட்ட மனு அது. ஒட்டியிருந்த ஜோடிப் போட்டோவில் நார்மனும் கிரேக்கும் இருந்தார்கள். நார்மன் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைப்பாக. கிரேக் பல்லெல்லாம் தெரிய, கையில் அந்த டிபன் பையோடு.

"எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க," என்றாள் ஃப்ளோராக்கா, ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல. "நான் டேபிள்ல படுத்துட்டா இவனுக்கு யார் கையெழுத்துப் போடுவா? போன வருஷம் இவனுக்குப் பல்லு பிடுங்க மயக்க ஊசி போடணும்னப்போதான் எனக்கே தெரிஞ்சுது. பதினெட்டு முடிஞ்சுட்டா பெத்தவ கையெழுத்துச் செல்லாதாம். இருபத்தொரு வருஷமா நான் செல்லாத கையெழுத்தப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், ஜோசபின்."

"அப்ப நீயே கார்டியனாகிடுக்கா."

"ஆகி? நாலு மாசத்துல நான் போய்ச் சேர்ந்தா மறுபடி யார் ஓடுவா? மனு போடறது அம்மாவா இருக்கணும், ஆனா யாரை வைக்கணும்னு அம்மா சொல்லலாமாம். நார்மன் பேரச் சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'சரி மேடம்'னார்."

அந்தப் பேப்பர் கையில் வராமல் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டாள். டாக்டர் கத்தியிருக்கிறார். இவள், "கத்துங்க டாக்டர், எனக்குத்தான் நெஞ்சு வலி, உங்களுக்கில்லையே," என்றாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபியோனா வந்தாள். ஃப்ளோராக்காவின் அண்ணன் மகள், கராடியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கிரேக்குக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொந்தம் அவள்தான். அன்றைக்கு என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

"அத்தை, அவர் நல்ல ஆள்தான், நான் இல்லைன்னு சொல்லலே," என்றாள் ஃபியோனா தன் ஓட்டைத் தமிழில். "பட் அவர் நமக்கு யாரு? நாளைக்கு அவர் கல்யாணம் பண்ணினா? அவருக்கு உடம்பு வந்துச்சுன்னா? கடக்வாஸ்லா கிட்டே ஒரு ஹோம் பார்த்து வச்சிருக்கேன். தோட்டம் இருக்கு. நர்ஸ் இருக்கா. இவனை மாதிரி முப்பது பேர் இருக்காங்க."

"இவனை மாதிரி முப்பது பேர் எங்கடி இருக்காங்க? இவன் ஒருத்தன்தான்."

"அத்தை, ப்ளீஸ். நான் ஆப்ஜெக்‌ஷன் லெட்டர் கொடுக்கப் போறேன். கோவப்படாதே."

"கொடு. மெதுவாப் பேசு. வெளிய ஜோசபின் செடிக்குத் தண்ணி ஊத்தறா."

"இந்த மத்தியான வெயில்லயா?"

"அவ செடிக்கு எந்நேரமும் தாகந்தான்."

நான் குவளையை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஃபியோனா கெட்டவள் இல்லை. அவள் கேட்ட கேள்வியெல்லாம் நானும் கேட்டிருப்பேன், கொஞ்சம் சத்தமாக.

கமிட்டி கூப்பிட்ட நாளில் சாட்சி என்கிற முறையில் நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். சாட்சி வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லைதான். கலெக்டர் ஆபீசில் ஒரு நீள மேஜை. ஓர் அதிகாரி, ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு பெரியவர், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் நடத்தும் பேட்கர் மேடம். கேள்வியெல்லாம் பேட்கர் மேடம்தான் கேட்டாள். மராத்தியும் ஹிந்தியுமாக, பருத்திப் புடவையில், முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாத ரகம்.

நார்மனிடம் கேட்டாள், ஃபியோனாவிடம் கேட்டாள், கடைசியில் கிரேக் பக்கம் திரும்பினாள். "கிரேக், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, அதுக்கப்புறமும், நார்மன் அங்கிள்கூட இருக்கியா?"

கிரேக் அழகாகச் சிரித்தான். "நோ, தேங்க் யூ."

மேடம் மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, மறுபடி கேட்டாள்.

"நோ, தேங்க் யூ," என்றான் கிரேக், இன்னும் மரியாதையாக.

குமாஸ்தா எழுதிக்கொண்டான். நார்மன் தன் முழங்காலைப் பார்த்தார். ஃபியோனா ஜன்னலைப் பார்த்தாள். ஜெயித்தவள் முகம் மாதிரி அது இல்லை. ஃப்ளோராக்காவின் கை நெஞ்சுக்குப் போனது.

பதற்றத்தில் அவர்கள் மறந்துவிட்டார்கள் போல, எனக்குத்தான் விஷயம் புரிந்தது. எங்கள் காம்பவுண்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். கிரேக் சின்னப் பையனாக இருந்தபோது அடுத்த வீட்டில் எதை நீட்டினாலும் வாரி வாயில் போட்டுக்கொள்வான். ஃப்ளோராக்கா மானஸ்தி. பிரம்பும் கையுமாக அவனுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தாள்: யார் கொடுத்தாலும் முதல் தடவை 'நோ தேங்க் யூ', இரண்டாவது தடவை 'நோ தேங்க் யூ', மூன்றாவது தடவையும் கேட்டால்தான் நிஜமாகக் கொடுக்கிறார்கள், அப்போது 'யெஸ் ப்ளீஸ்'. ஒரு வருஷம் பாடுபட்டுப் பதியவைத்தாள். அதற்கப்புறம் கிரேக் தப்பியதே இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் தட்டோடு போகிறவர்கள் அவனிடம் மூன்று தடவை கேட்பார்கள். சில வீட்டில் இரண்டு தடவையோடு தட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேக் மிச்சம். எந்த வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வீட்டு ஜன்னல் கேட்டைப் பார்த்து இருக்கும்.

"மேடம்," என்றேன் எழுந்து. "இன்னொரு தடவை கேளுங்க."

"ஏன்?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த மராத்தியில், கை வைத்து, தட்டு நீட்டுவதுபோல் நடித்துக்கூடக் காட்டினேன். ஊன்றுகோல் பெரியவர் சிரித்துவிட்டார். பேட்கர் மேடம் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"நார்மன் அங்கிள்கூட இருக்கியா, கிரேக்?"

"யெஸ், ப்ளீஸ்!"

ஃப்ளோராக்கா மூச்சு விட்டாள். நான் உட்காரப்போனேன்.

"கிரேக்," என்றாள் மேடம் அதே குரலில். "கடக்வாஸ்லாவில் புது வீட்டுக்குப் போறியா?"

"நோ, தேங்க் யூ."

"போறியா?"

"நோ, தேங்க் யூ."

"போறியா?"

"யெஸ், ப்ளீஸ்!" என்று சொல்லிவிட்டுக் கிரேக் மேஜையைப் பார்த்தான். இரண்டு தடவை யெஸ் சொல்லியாகிவிட்டது. ஒரு தட்டையும் காணோம்.

"இதை வைத்து நான் என்ன எழுதுவது?" என்று மேடம் என்னைத்தான் கேட்டாள்.

அதிகாரி, வீட்டுக்கு வந்து நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். ஃபியோனாவின் கடிதம் கோப்பில் மேலாக இருந்தது. அதற்கு மேலே குமாஸ்தா எழுதிய தாள்: சம்பந்தப்பட்டவர் ஹோமுக்குப் போகச் சம்மதிக்கிறார். நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வீடு வந்ததும் ஃப்ளோராக்கா ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டே, "நீ வாயைத் திறக்காம இருந்தா என்னடி ஆகும் உனக்கு?" என்றாள். நாற்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில் அவள் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. நார்மன், "விடுங்க மேடம்," என்றார். எனக்கு அவர் பரிந்துபேசியதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டு வாரம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஜன்னலோடு சரி. மாத்திரை மாற்றிவிட்டார்கள் என்றும், டாக்டர் போன் செய்து மறுபடி கத்தினார் என்றும் வேலைக்காரி மூலம் தெரிந்தது.

பேட்கர் மேடம் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஐந்தரைக்கு வந்தாள். ஃபியோனாவும் லீவு போட்டு வந்திருந்தாள். நான் ஜன்னலில் எண்ணினேன், பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஃப்ளோராக்காவே வாசலுக்கு வந்து கையை ஆட்டினாள். "வா. வந்து நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

உள்ளே மேடம் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, "கார்டியன் ஆகப்போகிறவர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் வரும் நேரம் தெரியுமல்லவா? எங்கே போனார்?"

"வேலையிலேர்ந்து திரும்பி வரப் போயிருக்கார் மேடம்," என்றேன்.

"அவர் ரிட்டயர் ஆனவர் என்று மனுவில் இருக்கிறது."

"ஆமா. மூணு வருஷமா."

ஃபியோனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சந்து, பின்வாசல், காலிப் பை, இரண்டு தெரு எல்லாம் சொன்னேன். ஏழு வீட்டிலும் சிரிப்போடு சொன்ன அதே கதைதான். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டாள். இந்த முறை எனக்கே அது அவ்வளவு சிரிப்பாக வரவில்லை, சொல்கிற விதத்தில் ஏதோ கோளாறு.

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கேட்டில் கிரேக் நின்றுகொண்டிருந்தான். ஆறு மணிக்கு நார்மன் மூலையில் திரும்பினார். கிரேக் பையை வாங்கினான். டவாலி முன்னால் வர, ஜட்ஜு வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மேடத்தைப் பார்த்ததும் நார்மனுக்குக் காது சிவந்தது. "மன்னிக்கணும் மேடம், நேரத்தை மாத்தினா அவன் ஏத்துக்க மாட்டான்," என்றார்.

ஃபியோனா டீயும் ஒரு தட்டில் காரியும் கொண்டுவந்தாள். காரி என்றால் இங்கே டீக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட், அடுக்கடுக்காகப் பிரிந்து மடியெல்லாம் கொட்டும். மேடம் தட்டைக் கிரேக்கிடம் நீட்டினாள்.

"நோ, தேங்க் யூ."

மேடம் ஃபியோனா பக்கம் தலையை ஆட்டினாள். ஃபியோனா நீட்டினாள். "நோ, தேங்க் யூ, ஃபியோனா."

அப்புறம் மேடம் என்னைப் பார்த்தாள். நானா! அவனை ஆஸ்பத்திரியிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அன்றைக்கு முதலில் கையில் வாங்கியவர்களில் நான் ஒருத்தி. உரிமையோடு தட்டை நீட்டினேன். "எடுத்துக்கோடா கிரேக்."

"நோ, தேங்க் யூ, ஜோசபின் ஆன்ட்டி."

அவன் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. மேடம் தட்டை மேஜையில் வைத்தாள். நார்மனிடம் பேச ஆரம்பித்தாள். கிரேக்குக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, வலிப்பு வந்தால் என்ன செய்வார், அவருக்கே உடம்புக்கு முடியாவிட்டால் யார். நார்மன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் தயங்கி ஃபியோனாவைப் பார்த்தார். "இவங்க சம்மதிச்சா, இவங்க பேரை எழுதிக்கலாம். என்னைவிட இவங்களுக்கு விவரம் தெரியும்."

அந்த நேரம் பார்த்து, நார்மன் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த கிரேக் யாரையும் கேட்காமல் தட்டிலிருந்து ஒரு காரியை எடுத்தான். நார்மனின் டம்ளருக்குள் விட்டான். தன் டம்ளர் எதிரிலேயே இருக்கிறது, அதைத் தொடவில்லை. காரி பாதி ஒடிந்து நார்மனின் டீயில் விழுந்தது. நார்மன் பேச்சை நிறுத்தாமல் ஸ்பூனால் அதை அள்ளிக் கிரேக் வாய்ப்பக்கம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். நார்மன் மிச்சமிருந்த துகள் டீயைக் குடித்துவிட்டு, "வலிப்பு வந்து நாலு வருஷமாச்சு மேடம்," என்றார்.

மேடத்தின் பேனா ஓட ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். மராத்தி, அதுவும் கோழி கிளறின எழுத்து. ஒரு வரியும் பிடிபடவில்லை.

"இவன் வெளி ஆளுங்ககிட்டத்தான் மூணு தடவை கேட்கச் சொல்லுவான் போலிருக்கு," என்றாள் கோப்பை மூடிக்கொண்டே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கேட்வரை ஃபியோனாதான் மேடத்தோடு போனாள். அங்கே நின்று இரண்டு பேரும் கால்மணி நேரம் பேசினார்கள். என் செடிப் பக்கம் வரை கேட்கவில்லை.

ஐந்து வாரத்தில் உத்தரவு வந்தது. கார்டியன் நார்மன். ஃபியோனா தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நார்மனால் முடியாமல் போனால் தன்னைக் கூப்பிடலாம் என்று வேறு கடிதம் கொடுத்திருந்தாள். ஃப்ளோராக்கா தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "இப்ப தேதி சொல்லுங்க டாக்டர், கத்தாம," என்றாள். அடுத்த செவ்வாய் என்றார்கள்.

அவள் அட்மிட் ஆவதற்கு முதல் நாள் சாயங்காலம் பால்கோவா போட்ட மாவா கேக் வாங்கிக்கொண்டு போனேன். ஃப்ளோராக்கா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நார்மன் குளித்துக்கொண்டிருந்தார்.

"கேக் எடுத்துக்கோ கிரேக்."

"நோ, தேங்க் யூ, ஜோசபின் ஆன்ட்டி."

"எடுத்துக்கோப்பா."

"நோ, தேங்க் யூ."

வழக்கமாக நான் தட்டைத் திருப்பும் இடம் இது. ஃப்ளோராக்கா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"யெஸ், ப்ளீஸ்!" இரண்டு எடுத்துக்கொண்டான். ஒன்றைத் தின்றான். இன்னொன்றைப் பேப்பரில் சுற்றினான். ஆணியில் தொங்கிய நார்மனின் டிபன் பையை எடுத்து, காலி டப்பாவைத் திறந்து உள்ளே வைத்து மூடினான். பிறகு பையைக் கொண்டுபோய்ப் பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில், நார்மன் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினான். மணி ஐந்து ஆகியிருந்தது, நார்மன் அவனுக்குத் தெரியாமல் அந்த வழியாக இறங்க இன்னும் கால்மணி இருந்தது. முன்வாசலில் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

நான் ஃப்ளோராக்காவைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

நார்மனிடம் இதை நான் சொல்லவில்லை. ஆறாம் வீட்டில் மட்டும் சொன்னேன்.